வெளிநாட்டுப் படிப்புக்கு ‘வங்கியில் காசு காட்டுவது’ என்றால் என்ன? ஏன் கேட்கிறார்கள்?

பிள்ளையின் முதல் வருடக் கட்டணத்துக்கும் வாடகை, சாப்பாட்டுக்கும் போதிய பணம் உண்மையிலேயே இருக்கிறது என்று விசாவுக்கு நிரூபிப்பதுதான் இது. பிரித்தானியாவுக்கு என்றால் அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் குறையாமல் நிற்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல்தான்.

ஏன் நாள் பார்க்கிறார்கள்? கைமாற்றாக வாங்கி, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் காசில் பிள்ளை அங்கே சீவிக்க முடியாது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும்போது நேற்றுப் பெய்த மழையையா பார்க்கிறார்கள்? குளத்தில் நிற்கிற தண்ணீரைத்தானே!

எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு இதில்தான் கூடுதல் கவனம் தேவை. பெரும்போக நெல் விற்ற காசு ஒரே நாளில் மொத்தமாக வந்து விழும். அது எங்கிருந்து வந்த காசு என்று காட்ட, விற்ற ரசீதை எறிந்துவிடாதீர்கள். கனடாவில் இருக்கும் மாமாவின் கணக்கைப் பிரித்தானிய விசாவுக்குக் காட்ட முடியாது. கணக்கு பொதுவாகப் பிள்ளையின் பெயரிலோ, தாய் தகப்பன் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். தகப்பன் பெயரில் என்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், சம்மதக் கடிதமும் வேண்டும். 2009இல் இடம்பெயர்ந்தபோது பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பலர். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கும் வேலையை முதலிலேயே தொடங்குங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சான்றிதழில் வேறு எழுத்து என்றிருந்தால் அதையும் இப்போதே சரிபார்க்க வேண்டும்.

காசு காட்டுவது என்றால் தூதரகத்துக்கோ முகவருக்கோ காசு கட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தப் பணம் உங்கள் கணக்கில் உங்கள் பணமாகவே இருக்கும்.