செல்போன் எட்டாத மலையில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி: வாசகர் கேள்விகள்

கேள்வி: வரும் ஆகஸ்டில் நானும் என் தோழியும் கலிஃபோர்னியாவில் ஜான் மியூர் பாதையில் மூன்று வாரம் நடக்கவிருக்கிறோம். தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் தினமும் ஒரு சேதியாவது வரவேண்டும் என்கிறார்கள். ஐபோனிலேயே செயற்கைக்கோள் வசதி இருக்கும்போது தனியாக ஒரு கருவி வாங்கத்தான் வேண்டுமா?
- சான் ஹோசே வாசகி

பதில்: வாங்குங்கள்; ஒரே ஒரு பயணத்துக்குத்தான் என்றால் வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. ஐபோன் 14 முதலான மாதிரிகளில் 2022 நவம்பரிலிருந்து செயற்கைக்கோள் வழியே அவசர உதவி கேட்க முடிகிறது. 2024இல் ஐஓஎஸ் 18 வந்த பிறகு அமெரிக்காவில் சாதாரணக் குறுஞ்செய்தியும் அவ்வழியே போகிறது. இருந்தாலும், வரைபடம் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆபத்தில் உதவிக்கு அழைக்கவும் ஒரே பேட்டரியையும், பாறையில் ஒருமுறை விழுந்தால் உடைந்துபோகும் ஒரே கண்ணாடித் திரையையும் மூன்று வாரம் நம்பியிருப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. கைபேசி இரண்டாவது துணையாக இருக்கட்டும்.

தனிக் கருவிகளில் இருவகை உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அவசர சமிக்ஞைக் கருவிக்கு (பிஎல்பி) மாதச் சந்தா இல்லை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவிடம் (NOAA) இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் போதும். அதன் சமிக்ஞையும் வலுவானது. ஆனால் அது ஆபத்தில் மட்டும், ஒருவழியாக மட்டும் பேசும். "இன்று இந்த ஏரிக்கரையில் தங்குகிறோம், நலம்" என்று உங்கள் அம்மாவுக்கு அதனால் சொல்ல முடியாது. இன்ரீச் மினி 2, சோலியோ போன்ற இருவழிக் கருவிகளால் முடியும். இருவழி என்பதன் அருமை அவசரத்தில்தான் முழுமையாகத் தெரியும்: உதவிப் பொத்தானை அழுத்தியதும் கட்டுப்பாட்டு மையத்தினர் யாருக்குக் காயம், நடக்க முடிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று கேட்டு, அதற்கேற்ப மீட்புக் குழுவை அனுப்பச் செய்வார்கள்; கால் சுளுக்குக்கும் தலைக் காயத்துக்கும் வரவேண்டிய உதவி ஒன்றல்லவே.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கருவியின் அழகை அல்ல, அது எந்த வலையமைப்பில் இயங்குகிறது என்பதை. மேற்சொன்ன இரண்டும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பைப் பயன்படுத்துகின்றன. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதன் 66 செயற்கைக்கோள்களும் தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக்கொள்வதால், துருவப் பகுதி உட்பட உலகம் முழுவதும் அது எட்டும். ஸ்பாட் என்ற வேறொரு வகைக் கருவிகள் நம்பியிருக்கும் குளோபல்ஸ்டார் வலையமைப்பிலோ, உங்கள் செய்தியை வாங்கும் செயற்கைக்கோளுக்கு அதே நேரத்தில் ஒரு தரை நிலையமும் தென்பட்டாக வேண்டும்; அமெரிக்காவுக்குள் இது பெரிய குறையல்ல, தொலைதூர நாடுகளுக்குப் போனால் குறைதான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ரீச் மினி 2 சந்தைக்கு வந்தபோது அதன் விலை 400 டாலர் அளவில் இருந்தது. ஆனால் செலவு அதோடு முடிவதில்லை. தொடக்கக் கட்டணமும் மாதச் சந்தாவும் தனி. சந்தா இல்லாமல் அந்தக் கருவியின் உதவிப் பொத்தான்கூட வேலை செய்யாது என்பதைப் பலர் பெட்டியைப் பிரித்த பிறகே அறிகிறார்கள். மூன்று வாரத்துக்குச் சிறிய திட்டமே போதும்: முன்கூட்டியே எழுதிவைத்த நலச் செய்திகளைப் பெரும்பாலான திட்டங்களில் கணக்கின்றி அனுப்பலாம், புதிதாகத் தட்டச்சு செய்யும் செய்திகளுக்குத்தான் வரம்பு உண்டு. அவையும் 160 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

புறப்படும் முன் பெற்றோரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களின் கீழும் வானம் மறைந்துவிடுவதால், ஒரு செய்தி போய்ச் சேர இருபது நிமிடமும் ஆகலாம், அன்று போகாமலே கூட இருக்கலாம். ஆகவே ஒருநாள் சேதி வராவிட்டால் கலங்க வேண்டாம். இத்தனை மணி நேரத்துக்கு மேல் மௌனம் நீடித்தால் மட்டும் இந்த எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அத்துடன் பயணத் திட்டத்தின் நகலையும், அனுமதிச் சீட்டு வழங்கிய பூங்கா அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். இந்திய எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் செய்தி சேர்கிறதா, அவர்களின் பதில் உங்களுக்கு வருகிறதா என்பதை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் மகன் இத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறான். செப்டம்பரில் அவனும் நானும் லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம். அவன் அதை எடுத்து வரலாமா?
- மதுரை வாசகர்

பதில்: தயவுசெய்து எடுத்துவரச் சொல்லாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பதே குற்றம். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் இந்தச் சிறு கருவிகளையும் அதிகாரிகள் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் இத்தகைய கருவியைப் பையில் வைத்திருந்த கனடாப் பயணி ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். பரிசோதனையின்போது அதை அவர் மறைக்க முயலவும் இல்லை. குற்றம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நேபாளத்துக்குப் போகும் வழியில் தில்லியில் விமானம் மாறுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். கடையில் இதை விற்கும்போது எந்தெந்த நாட்டில் தடை என்று வாங்குபவரிடம் முன்வந்து சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு. மார்க்கா பாதையில் ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று ஊர்கள் இருக்கின்றன. வீட்டுத் தங்கல்களில் இரவைக் கழித்து நடந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அறிந்த மனிதர்கள் வழிநெடுக இருப்பார்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது லே நகரில் பயன்படும், பள்ளத்தாக்குக்குள் அதை நம்பியிருக்க முடியாது. நிமலிங் முகாமிலிருந்து 5,000 மீட்டரைத் தாண்டும் கொங்மாரு கணவாய்க்கு ஏறும் நாளில், உங்களை எதிர்பார்க்க வேண்டிய நேரத்தை லேயில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: டொரண்டோவில் ஒருவர் பழைய இன்ரீச் கருவியைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்காமல் உங்களால் அதை இயக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. பணம் கொடுக்கும் முன் கருவியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை வாங்கி, அது விடுவிக்கப்பட்டுள்ளதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் அதன் வயதையும் கேளுங்கள். பிறகு, விற்பவர் எதிரில் இருக்கும்போதே திறந்தவெளியில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.