சத்தம் போட்டா உற்பத்தி ஏறுமா? (கேள்வி பதில்)

இந்த முறை பொருள், ஆள் வைத்து வேலை வாங்குவது. பின்னலாடையும் பவுண்டரியும் அறிந்த உற்பத்தி மேலாளர் பதில் சொல்கிறார்.

திருப்பூர், அவிநாசி சாலை: ரவுண்ட் நெக் டீசர்ட் லைன். 8 மணி நேரத்துக்கு 600 பீஸ் வேணும், 440 தாண்ட மாட்டேங்குது. சூப்பர்வைசர் ரொம்ப சாதுங்க. கறாரான ஆளாப் போட்டா சரியாகுங்களா?

பதில்: ஆகாதுங்க. ஆளை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கைக்கடிகாரத்தோட லைன்ல நில்லுங்க. 600 பீஸ்னா மணிக்கு 75, அதாவது ஒவ்வொரு ஆபரேஷனும் 48 விநாடிக்குள்ள முடியணும். ஷோல்டர், கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி), கை, சைடு, பாட்டம்னு ஒவ்வொரு மெஷின்லயும் 10 பீஸுக்கு நேரம் எடுத்துச் சராசரி போடுங்க. உங்க 440-ஐ 8-ஆல வகுத்தா 55. ஒரு மெஷின்ல பீஸுக்கு 65 விநாடி ஆகுதுன்னா மணிக்குச் சரியா 55-தான் வரும். பெரும்பாலும் அது கழுத்து ரிப்பாத்தான் இருக்கும்.

அந்த டெய்லர் ரிப்பை மூட்டி, நாலு இடத்துல குறி வெச்சு, அப்புறம் ஓவர்லாக்ல ஏத்தறாரா பாருங்க. மூட்டறதை சிங்கர் (ஒத்தை ஊசி மெஷின்) டேபிளுக்கும் குறி வைக்கிறதை ஹெல்ப்பருக்கும் பிரிச்சு விட்டா 65 விநாடி 47-க்கு இறங்க வாய்ப்பிருக்கு. அந்த இடத்தைச் சரிபண்ணாம மத்த மெஷின்களை முடுக்கினா ரிப்புக்கு முன்னால பண்டல் குவியும், அவ்வளவுதான். மணிக்கு எத்தனை பீஸ்னு எழுதற மணிக்கணக்குப் பலகையை சூப்பர்வைசர் கையாலயே எழுத விடுங்க. அவரைத் தாண்டி நீங்க நேரா டெய்லர்கிட்டப் போய்ச் சொல்லாதீங்க.

கோவை, கணபதி: பம்ப் உதிரிபாகப் பட்டறை. எந்தத் தலைமை பாணி சிறந்தது? ஜனநாயகமா, சர்வாதிகாரமா?

பதில்: ஆளுக்கு ஒரு பாணின்னு வைக்கக்கூடாது, வேலைக்கு ஒண்ணுன்னு வைக்கணும். மேலாண்மை ஆய்வாளர்கள் ஹெர்சி, பிளான்சார்டு இருவரும் 1969-ல சொன்னதோட சாரம் இதுதான். சிஎன்சி-க்கு (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்) புதுசா வந்த பையனுக்குச் சொல்லிக் காட்டணும், முதல் 10 பீஸையும் ஒண்ணொண்ணா மைக்ரோமீட்டர்ல அளக்கணும், அப்புறம் அஞ்சுக்கு ஒண்ணு. எட்டு வருஷ செட்டருக்கு (மெஷினை வேலைக்குத் தயார் பண்றவர்) டிராயிங்கையும் தேதியையும் குடுத்துட்டு நகர்ந்துக்கணும். அதே செட்டரைப் புது மெஷின்ல நிறுத்தினா அவரும் அந்த மெஷினுக்குப் புதுப் பையன்தான். "அவர் சீனியர், அவருக்குத் தெரியும்"னு விடறப்பத்தான் ஒரு பேட்ச் முழுக்க ஸ்கிராப் ஆகும்.

காங்கயம்: பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் எவ்வளவு?

பதில்: உங்க ஆடிட்டரைக் கேளுங்க.

பெருந்துறை: நயமாப் பேசினா தலைக்கு மேல ஏறி உக்காந்துக்கறாங்க. நாலு பேர் முன்னால சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது. இதுல என்னங்க தப்பு?

பதில்: நீங்க நிக்கிற வரைக்கும் நடக்கும். உளவியல் ஆய்வாளர் லூயினும் அவர் கூட்டாளிகளும் 1939-ல வெளியிட்ட ஆய்வுல, அதட்டி வேலை வாங்கின குழுவுல தலைவர் வெளிய போனதும் வேலை படுத்துது. கலந்து பேசின குழுவுல ஓடிட்டிருந்தது. அது சின்னப் பசங்களை வெச்சுப் பார்த்ததுதான், ஆனா மேஸ்திரி டீக்குப் போற பத்து நிமிஷத்துல நீங்களே அளந்து பார்க்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் வேற. திட்டுக்குப் பயந்தவர் ஊசி ஓட்டை விழுந்த பீஸைப் பண்டலுக்கு அடியில சொருகிடுவார். அது செக்கிங்லயோ அயர்ன் டேபிள்லயோதான் வெளிய வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு திங்கட்கிழமை பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடறவரும் அவர்தான்.

கரூர் (குறுக்கிட்டு): அண்ணா, நயமாப் பேசிப் பேசியே கப்பலைத் தவறவிட்டு ஏர்ல சரக்கு அனுப்பினவங்களும் இங்க இருக்காங்க. அந்த ஏர் சார்ஜை யார் கட்டறது?

பதில்: நியாயமான கேள்வி. கத்தறதுக்கு மாத்து கெஞ்சறது இல்லீங்க. தப்பு நடந்த அன்னைக்கே, லைனை விட்டுத் தள்ளி, ரெண்டு நிமிஷம். எந்த பீஸ், என்ன தப்பு, எத்தனை மணிக்குள்ள சரியாகணும், அவ்வளவுதான். ஆளோட குணம், ஊர், குடும்பம் எதுவும் பேச்சுல வரக்கூடாது. மூணாவது தடவைன்னா எழுத்துல குடுங்க.

பெருந்துறை: அப்ப கத்தவே கூடாதுங்களா?

பதில்: பவுண்டரியில உருக்கின உலோகம் இருக்கற லேடில் சாயுதுன்னா கத்தித்தான் ஆகணும், அங்க யாரும் ஓட்டெடுப்பு நடத்த மாட்டாங்க. இன்னொண்ணு, செக்கிங்லயும் டெய்லரிங்லயும் பெண்கள்தான் நிறைய. ஆபாச வார்த்தையில திட்டினா பெண்களைப் பணியிடத்துல பாதுகாக்கற 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவுப் புகாராகும். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்.

ஈரோடு: எங்க சூப்பர்வைசரும் சாது...

பதில்: மேல முதல் பதில். கடிகாரம், 10 பீஸ்.

பல்லடம்: நல்ல டெய்லர் ஒருத்தரை சூப்பர்வைசர் ஆக்கலாமா?

பதில்: மூணு விஷயம் பாருங்க. புது ஆளுக்கு ஒரு ஆபரேஷனைப் பொறுமையா சொல்லித்தர முடியுதா? மணிக்கணக்கை விடாம எழுதறாரா? கூட டீ குடிக்கிறவர்கிட்ட "இந்த பீஸைப் பிரிச்சுத் தை"ன்னு சொல்ல வாய் வருதா? மூணாவதுலதான் முக்காவாசிப் பேர் தோத்துப் போறாங்க. பீஸ் ரேட்ல அவர் இப்ப வாங்கறது உங்க சூப்பர்வைசர் சம்பளத்தைவிட அதிகமா இருக்கலாம், அதை முதல்லயே பேசி முடிங்க. 30 நாள் வெள்ளோட்டம்னு எல்லாருக்கும் சொல்லிட்டு ஆரம்பிச்சா, சரிப்படலைன்னாலும் கவுரவமா மெஷினுக்குத் திரும்பிக்குவார். ஆக்கின பிறகு, அவரைத் தாண்டாதீங்க.

பொள்ளாச்சி: கயிறு, தென்னை நார்க் கழிவு ஆலை. பையன் எம்பிஏ முடிச்சுட்டு வந்திருக்கான். எதைக் குடுக்கலாம்?

பதில்: முதல் 60 நாள் எதையும் மாத்த விடாதீங்க, முழுசா ஒரு வேலையை மட்டும் குடுங்க. நார்க் கழிவைக் கழுவற ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இசி (உப்பு எவ்வளவுன்னு காட்டற மின்கடத்தும் அளவு) அளந்து நோட்டில் ஏத்தற பொறுப்பைக் குடுக்கலாம். லோ இசி கேக்கற ஆர்டருக்கு 0.5-க்குக் கீழ வரணும், வரலைன்னா தண்ணியா நேரமான்னு அவரே கண்டுபிடிக்கட்டும். கொள்முதலும் பேங்கும் உங்க கையில இருக்கட்டும். இந்தப் பிரிவினையை ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஃபோர்மேன்கிட்டச் சொல்லுங்க. இல்லாட்டி அப்பா ஒண்ணு, மகன் ஒண்ணு சொல்ல, ஆட்கள் சவுகரியமானதைப் பிடிச்சுக்குவாங்க. பையனும் ஃபோர்மேனைத் தாண்டக் கூடாது. எத்தனை தடவை சொல்றது!

சென்னிமலை: ஒடிசா ஆட்கள் 30 பேர், பாஷை பெரிய தடை.

பதில்: சரி, தப்பு ரெண்டு மாதிரியையும் மெஷினுக்கு மேலயே தொங்க விடுங்க. அவங்கள்ல ஒருத்தரை லீடர் ஆக்குங்க, ஆனா ரூமும் அட்வான்ஸும் குடுக்கற கான்ட்ராக்டரையே லீடராப் போடாதீங்க. அவர் மேலயே குறை இருந்தா அதைச் சொல்ல அவங்களுக்கு வழி இருக்காது.

நாமக்கல்: பண்ணையில முட்டை குறைஞ்சு போச்சு. மேனேஜரை மாத்தலாங்களா?

பதில்: முதல்ல கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. தீவனம், தண்ணி, 16 மணி நேர வெளிச்சம் இந்த மூணும் சரியா இருக்குதான்னு பார்த்துட்டு வாங்க. மேனேஜரை அப்புறம் பாக்கலாம்.