மெக்கானிக் செட்டும் மின் ஸ்கூட்டரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா ஆரப்பாளையத்தில் முப்பது வருஷமாக டூவீலர் மெக்கானிக். இப்போது தெருவெல்லாம் மின் ஸ்கூட்டர். ஆயில் மாற்ற, கார்புரேட்டர் கழுவ வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். செட்டை மூடிவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்கிறார். 52 வயதில் புதிதாக ஏதும் கற்றுக்கொள்ள முடியுமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பி,

மூட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் பஸ் ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கரிவாயுக் கலன் செய்து வண்டிகளுக்குக் கொடுத்தது. என் தாத்தா அப்போது பஸ் கிளீனர். விடியுமுன்னே கரி கொட்டிப் பற்றவைத்து, விசிறி சுற்றி, வாயு பிடிக்கும்வரை நிற்பாராம். உடம்பெல்லாம் கரி. ஆனால் கலனை அவர் கைக்காசு போட்டு வாங்கவில்லை. கழற்றிச் சுத்தம் செய்யவும் முதலாளியே ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் அப்பாவுக்கு அப்படி யாருமில்லை. என் ஆத்திரம் அதுதான்.

போன மாதம் தெரிந்தவரின் ஸ்கூட்டர் திக்கித் திக்கி ஓடியது. சர்வீஸ் சென்டரில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். செல்லூரில் ஒரு மெக்கானிக் மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றி மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். தண்ணீர் இறங்கி, மோட்டார் சுற்றும் நிலையைக் காட்டும் ஹால் சென்சார் ஒன்று போயிருந்தது. நகக்கண் அளவுதான். புதிதைச் சால்டர் வைத்து மாட்டினார், வண்டி ஓடியது. ஸ்குரூடிரைவர் பிடியைக் காதில் வைத்தே என்ஜினின் டேப்பட் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது வராதா? பிரேக், பேரிங், ஃபோர்க், டயர் எல்லாம் அவருக்குப் பழகியவையே. பேட்டரியை மட்டும் பயிற்சி இல்லாமல் திறக்கவே கூடாது. உயிர் விஷயம்.

பல வண்டிகளில் கோளாறைப் படிக்கும் மென்பொருளைக் கம்பெனி தன்னிடமே வைத்திருக்கிறது. வாங்கியவர் விரும்பிய இடத்தில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. வாகனமும் அதில் உண்டு. அப்பா போன்றவர்களின் செட்டு வரைக்கும் அது இன்னும் வரவில்லை.

2025 ஏப்ரலில் அரிய மண் எனப்படும் உலோகங்கள் கலந்த காந்த ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே மின் ஸ்கூட்டர் உற்பத்தி தடுமாறியது. அந்தக் காந்தம் மோட்டாருக்குள்தான் இருக்கிறது. புது மோட்டார் வராத நாளில், பழையதைத் திறந்து சரிசெய்கிற கைதான் ஊருக்கு வேண்டும்.

புதூர் அரசு ஐடிஐயில் மெக்கானிக்குகளுக்கு மாலைப் பயிற்சி கேட்போம். அக்கம்பக்கத்து செட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன். அப்பா சம்மதித்தால் அந்த செல்லூர் அண்ணனிடமும் கூட்டிப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அண்ணன் தன் செட்டில்தான் இருப்பார்.