5ஜி சிம் ரவுட்டரை வைத்து இரண்டு டிவியில் 4கே படம் பார்க்க முடியுமா?

கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீடு, ஃபைபர் இணையக் கேபிள் இழுக்க வீட்டுக்காரர் விடவில்லை, 5ஜி ரவுட்டர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கும் தாங்குமா என்பதுதான் விஷயம்.

நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குக் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட். இரண்டு டிவிக்கு 30. நல்ல 5ஜி சிக்னலுக்கு இது தூசு. ஆனால் ஒரு டவரின் வேகத்தை அக்கம்பக்கம் முழுவதும் பங்கு போடுகிறது. எல்லாரும் வேலை முடிந்து வந்து டிவி போட்டதும் வேகம் இறங்கும், படம் தானாகவே மங்கலான தரத்துக்குப் போய்விடும். அதனால் அதே கம்பெனி சிம்மைக் கைப்பேசியில் போட்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வேகத்தைச் சோதியுங்கள்.

மலேசியாவில் 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வருகிறது. கான்கிரீட் சுவர் அதற்கு ஆகாது. ரவுட்டரை ஜன்னலோரம் வையுங்கள். அழகுக்காக டிவி அலமாரிக்குள் ஒளித்து வைப்பவர்களை என்ன சொல்ல!

அப்புறம் டேட்டா. 4கே மணிக்குச் சுமார் 7 ஜிபி தின்னும். இரண்டு டிவியும் தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 840 ஜிபி. ‘அன்லிமிடெட்’ என்றாலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.