மகனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்கலாமா? பிறப்புப் பதிவில் எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக வைக்கலாம். கீழடிப் பானை ஓடுகளிலும் புகழூர்க் கல்வெட்டிலும் உள்ள பெயர் இது. செழியன், அதியன் போலவே இதுவும் இப்போது திரும்பி வருகிறது.

சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். தொடக்கத்தில் ஒற்றை ‘ஏ’ போட்டால் வகுப்பில் பாதிப்பேர் ‘அத்தான்’ என்பார்கள். இரட்டை ‘ஏ’ போடுங்கள். செழியன் போன்ற ழகரப் பெயர்களுக்கு ‘இசட்எச்’ போட்டால் வெளிமாநிலத்தவர் ‘ஸ’ என்றே படிப்பார்கள். ‘எல்’ போட்டால் உச்சரிப்பு ஓரளவு பிழைக்கும், ஆனால் ழகரம் போய்விடும். எனக்கென்னவோ ‘இசட்எச்’தான் சரி.

எதுவானாலும் முதலில் பிறப்புச் சான்றிதழில் உறுதிசெய்யுங்கள். ஆதார், பள்ளி எல்லாம் அதைப் பார்த்துத்தான். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் விரித்தெழுத வேண்டும். தந்தை பெயரின் எழுத்துக்கூட்டலையும் அப்போதே சரிபாருங்கள்.