இடுப்பில் ஒரு கறுப்புப் பொருக்கு

கேள்வி: தொண்டிப் பக்கம் ஆடு வளர்க்கிறோம். விறகு பொறுக்கப் போய்வந்த மாமியாருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு, வலிக்கவில்லை என்கிறார். ஆட்டு உண்ணி கடித்திருக்குமா?

பதில்: இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், அந்தப் பொருக்கை மறக்காமல் காட்டுங்கள். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, வலியில்லாமல் இருந்தால் ஸ்கரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் சொன்னாலும் இதைப் பரப்புவது ஆட்டு உண்ணி இல்லை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு, புதரிலும் புல்லிலும் இருந்து ஏறி, இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும், காய்ச்சல் வரப் பத்து நாள் போல ஆவதால் கடித்ததே பலருக்குத் தெரியாது. கூச்சப்பட்டுப் பெண்கள் காட்டாமல் விடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. பொருக்கே இல்லாமலும் இந்த நோய் வரும்.

சரி, உண்ணி பரப்பும் டைபஸ்? அதில் சிவப்புப் புள்ளிகள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை வரலாம். அம்மை என்று வேப்பிலை கட்டி இருந்துவிடாதீர்கள். இணையப் படங்களில் பார்க்கும் வட்ட வட்டத் தடிப்பு, உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோயுடையது, அது பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவில்தான்.

இரண்டு டைபஸுக்கும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து நன்றாகக் கேட்கும், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.

அப்புறம், தோலில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.