ஊர்ச் சண்டையைத் தீர்ப்பதில் இளைஞர்களால் என்ன செய்ய முடியும்?

"ஊரில் தகராறு வந்தால் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள், இளைஞர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய வேலை இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானமே, 18 முதல் 29 வயது வரையிலானவர்களை அமைதிக்கான முடிவுகளில் சேர்க்கச் சொல்கிறது.

சரி, நம் காவிரி டெல்டாவுக்கு வருவோம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அந்த நாட்களில் அடிதடி வீடியோக்கள் இரண்டு மாநிலங்களிலும் கைபேசி வழியாகப் பரவின. அப்படி ஒன்று வந்தால் அனுப்பாமல் நிறுத்துவதும், "இது எங்கே, எப்போது எடுத்தது?" என்று குழுவில் கேட்பதும் இளைஞர்கள் உடனே செய்யக்கூடியவை.

ஆனால் வீடியோவை நிறுத்தினால் மட்டும் போதாது. 1968 டிசம்பர் 25 அன்று நம் டெல்டாவின் கீழ்வெண்மணி கிராமத்தில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலித் தகராறும் சாதியும். அதன் பிறகு காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இந்தப் பகுதியிலேயே தங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரிலேயே, நிலம் வாங்கித் தந்தார். அமைதிக்கான வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

உங்கள் ஊரில் கடைமடை (வாய்க்காலின் கடைசியில் உள்ள) வயலுக்குத் தண்ணீர் வராமல்தான் சண்டை என்றால், முறை வைப்பதைப் பேசும் கூட்டத்தில் போய் உட்காருங்கள். இரண்டு தெரு நண்பர்களும் சேர்ந்தே போங்கள். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதை எழுதி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள்.